குவிக்ஃபிக்ஸ் மதிப்பீடு: லைன் அறுபடும் நிமிடத்தில் இந்த எஞ்சின் என்ன செய்யும்?

டிரேடிங் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் டெவலப்பரிடம் வியூகம் எழுதும் வேலையை யாரும் எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை. ப்ரோக்கருக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ ஆர்டர் கொண்டுபோகும் ஃபிக்ஸ் லைன் (ஃபிக்ஸ் என்பது வர்த்தகச் செய்திகளுக்கான பொது நெறிமுறை) ஒன்றைக் காட்டி, "இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பார்கள். அந்த லைனுக்கு அடியில் ஓடும் எஞ்சின், அதாவது அந்த நெறிமுறைப்படி செய்திகளை அனுப்பி வாங்கும் மென்பொருள், குவிக்ஃபிக்ஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காசு இல்லை, மூல நிரல் திறந்தே கிடக்கிறது, சி++-இல் ஆரம்பித்து ஜாவா, டாட்நெட், கோ, பைத்தான் என்று எல்லாப் பக்கமும் பரவிவிட்டது. மாற்றி எழுதலாம், உங்கள் தயாரிப்புக்குள் வைத்து விற்கலாம். பதிப்புரிமை அறிவிப்பை நீக்காமல், ஆவணத்தில் ஒரு நன்றி வரி சேர்க்கச் சொல்கிறது உரிமம்.

ஆர்டர் போகும் லைனில் இதை நம்பி வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் டீஃபால்ட் அமைப்புகளோடு அப்படியே வைத்தால் வம்பு. அவற்றில் நாலைந்து, லைன் நன்றாக ஓடும் வரை வாயே திறக்காது. அறுந்து மறுபடி ஒட்டும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பணத்தில் கை வைக்கும். ஆகவே இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த நிமிடத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

ஃபிக்ஸ் நெறிமுறை 1992-இல் ஃபிடெலிட்டிக்கும் சாலமன் பிரதர்ஸுக்கும் இடையே, ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்த பங்கு வர்த்தகத் தகவலைக் கணினி வழியே அனுப்பப் பிறந்தது. வடிவம் இன்றும் எளிதுதான்: 'டேக்' எனப்படும் ஓர் எண், சமக்குறி, மதிப்பு, பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பு எழுத்து. 35 செய்தி வகை, 34 வரிசை எண், 49 அனுப்புபவர், 56 பெறுபவர், 11 ஆர்டருக்கு நீங்கள் வைக்கும் அடையாளம், கடைசியில் 10 என்ற டேக்கில் செய்தி பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கும் மூன்று இலக்கச் செக்சம். நடைமுறையில் அதிகம் எதிர்ப்படுவது 2000-இல் வந்த 4.2, 2003-இல் வந்த 4.4. 5.0-இல் செஷன் (இரு முனைகளுக்கு இடையே எண்ணிட்டு நடக்கும் தொடர் உரையாடல்) அடுக்கைத் தனியே பிரித்துவிட்டார்கள்; அதற்குக் கான்ஃபிக்கில் ஒன்றுக்கு இரண்டு டிக்ஷனரி (எந்தச் செய்தியில் எந்த டேக் வரும் என்ற பட்டியல்) கொடுக்க வேண்டும்.

முதல் லாகான் வரை

இந்தப் பகுதியில் குறை சொல்ல ஏதுமில்லை. கான்ஃபிக் என்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்; மேலே பொதுப் பகுதி, கீழே செஷனுக்கு ஒரு பகுதி. நீங்கள் போய் இணைபவர் என்றால் 'இனிஷியேட்டர்', கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்றால் 'அக்செப்டர்'. ஹோஸ்ட், போர்ட், இரு பக்கப் பெயர்கள், ஃபிக்ஸ் பதிப்பு, ஹார்ட்பீட் ('உயிரோடு இருக்கிறேன்' என்று அவ்வப்போது போகும் செய்தி) இடைவெளி, செஷன் தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஸ்டோர் (அனுப்பிய செய்திகளும் வரிசை எண்களும் சேரும் இடம்) ஃபோல்டர், லாக் ஃபோல்டர், டிக்ஷனரி ஃபைல். இவ்வளவையும் நிரப்பினால் மதியத்துக்குள் லாகான் ஆகிவிடும்.

நீங்கள் எழுத வேண்டியது ஏழு ஃபங்ஷன். செஷன் உருவாகும்போது ஒன்று, லாகான் ஆனதும் ஒன்று, லாகவுட் ஆனதும் ஒன்று. வெளியே போகும் நிர்வாகச் செய்திக்கு 'டுஅட்மின்', வெளியே போகும் ஆர்டர் செய்திக்கு 'டுஆப்', உள்ளே வருபவற்றுக்கு 'ஃப்ரம்அட்மின்', 'ஃப்ரம்ஆப்'. பயனர்பெயரையும் (553) பாஸ்வேர்டையும் (554) லாகான் செய்தியில் செருகும் இடம் 'டுஅட்மின்'. செருகிய கையோடு லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள்: பாஸ்வேர்ட் பட்டவர்த்தனமாக உட்கார்ந்திருக்கும். லாக் கிளாஸை நீங்களே எழுதி 554-இன் மதிப்பை மறைத்துவிடலாம். அத்தோடு நிற்காதீர்கள். அனுப்பிய செய்தியெல்லாம் ஸ்டோர் ஃபைலிலும் பதிவாகிறது, லாகான் உட்பட. அந்த ஃபோல்டரின் அனுமதிகளையும் இறுக்க வேண்டும்.

வரிசை எண்

ஃபிக்ஸின் உயிர் 34-ஆம் டேக்கில் இருக்கிறது. இரு பக்கமும் தாங்கள் அனுப்புவதைத் தனித்தனியாக 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போவார்கள். பக்க எண் அச்சடித்த கணக்குப் புத்தகம் மாதிரி, நடுவில் ஒரு தாள் போனால் உடனே தெரிந்துவிடும். எதிர்பார்த்ததைவிடப் பெரிய எண் வந்தால், விட்டுப்போனதைக் கேட்டு 'ரீசென்ட் ரிக்வெஸ்ட்' (35=2) வரும். சின்ன எண் வந்து, அதில் 43=ஒய் ('ஆம்') என்ற மறுபிரதிக் குறியும் இல்லையென்றால், லாகவுட் சொல்லி லைனை வெட்டிவிடுவார்கள்.

ஒரு நிலைமையைக் கிட்டத்தில் பார்ப்போம். நீங்கள் 1047 வரை அனுப்பியாயிற்று. மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது 1042 வரைதான். இடையில் இருப்பவை: 1043 ஹார்ட்பீட், 1044-உம் 1045-உம் புது ஆர்டர்கள், 1046 அவற்றில் ஒன்றை ரத்து செய்யச் சொன்னது, 1047 இன்னொரு ஹார்ட்பீட். சில நிமிடம் கழித்து லைன் ஒட்டுகிறது. உங்கள் லாகான் 1048 என்ற எண்ணோடு போகிறது. 1043-க்குக் காத்திருந்த மறுமுனை, 7=1043, 16=0 என்று கேட்கிறது. இங்கே 0 என்றால் 'அங்கிருந்து இருப்பது எல்லாம்' என்று பொருள்.

குவிக்ஃபிக்ஸ் ஸ்டோரைப் புரட்டி ஒவ்வொன்றாக எடுக்கும். ஹார்ட்பீட், லாகான் போன்றவற்றை மறுபடி அனுப்பாது; அந்த எண்களை 35=4, 123=ஒய் என்ற 'கேப் ஃபில்' போட்டு அடைத்துவிடும். ஆர்டர்களை மட்டும் 43=ஒய் சேர்த்து, முதலில் அனுப்பிய நேரத்தை 122-இல் வைத்து, திரும்ப அனுப்பும். அதாவது, லைன் அறுமுன் பார்த்த விலையில் போட்ட ஆர்டர், சந்தை எங்கோ நகர்ந்த பிறகு போய் விழும். நெறிமுறைப்படி எஞ்சின் செய்தது சரி. பழைய ஆர்டரைத் திரும்ப அனுப்பலாமா என்று முடிவெடுப்பது உங்கள் வேலை. நீங்கள் வாய் திறக்காவிட்டால் அனுப்பிவிடும்.

தடுக்கும் வழி உள்ளேயே இருக்கிறது. மறு அனுப்புதலின்போதும் 'டுஆப்' கூப்பிடப்படும். அங்கே 43 ஒய்-ஆக இருக்கிறதா என்று பார்த்து 'டூநாட்சென்ட்' எக்ஸெப்ஷனை எறிந்துவிட வேண்டும். கூடவே தரப்படும் உதாரண டிரேட்கிளையன்ட் நிரலில் இந்த வரிகள் இருக்கின்றன. அதை வெட்டி ஒட்டுபவர்கள், ஏன் இருக்கிறதென்று புரியாமல் கழித்துவிடுவதுதான் சிக்கல். எறிந்தால், நமது உதாரணத்தில் 34=1043, 36=1049 (அடுத்து எதிர்பார்க்க வேண்டிய எண்) என்று ஒரே ஒரு கேப் ஃபில் போகும்; ஆறு எண்களும் ஒரே தாவலில் முடிந்துவிடும்.

முடிந்தது எஞ்சினுக்கு. உங்கள் ஆர்டர் புத்தகத்தில் 1044-உம் 1045-உம் இன்னமும் 'பதில் வரவேண்டும்' என்ற நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும். அவை போகவே இல்லை என்பதை எஞ்சின் தனியாக வந்து சொல்லாது. எக்ஸெப்ஷனை எறியும் அதே இடத்தில் 11-ஆம் டேக்கை எடுத்து, அந்த ஆர்டரைச் 'சந்தேகத்துக்குரியது' என்று குறித்துவையுங்கள். 'அனுப்பப்படவில்லை' என்று நேரடியாக மூடிவிடாதீர்கள். மறுமுனை பழைய நகலிலிருந்து மீண்டெழுந்து, ஏற்கெனவே வாங்கிய எண்ணையே மறுபடி கேட்கும் சாத்தியமும் உண்டு. 35=எச் அனுப்பி நிலையைக் கேட்டு, பதில் வந்த பிறகு மூடுவதே முறை.

இதைவிட மோசமான பொறி ஒன்று 'சென்ட்டுடார்கெட்' ஃபங்ஷனில் இருக்கிறது. லைன் இல்லாத நேரத்தில் ஆர்டர் அனுப்பச் சொன்னால் 'ஃபால்ஸ்' என்று திரும்பும். அனுப்பவில்லை, விஷயம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அந்த ஆர்டருக்கு வரிசை எண் கொடுத்து ஸ்டோரில் எழுதியாகிவிட்டது. லைன் ஒட்டியதும் மறுமுனை விட்டுப்போனதைக் கேட்கும், இதுவும் சேர்ந்து போகும். 'ஃபால்ஸ்' வந்ததால் உங்கள் நிரல் வேறு ப்ரோக்கர் வழியாக அதே ஆர்டரை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இரண்டு மடங்கு வாங்கிவிட்டீர்கள். லாகான் நிலையைப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. பார்த்த பிறகும் அந்த நொடியில் லைன் அறுபடலாம் என்பதால் மேலே சொன்ன 'டூநாட்சென்ட்' காவலும் வேண்டும். இரண்டில் ஒன்று போதாது.

பழைய செய்தி எதையும் எப்போதும் திரும்ப அனுப்பப் போவதில்லை என்று உறுதியாக இருந்தால், 'பெர்சிஸ்ட்மெசேஜஸ்' என்பதை 'என்' ('இல்லை') என்று வைத்துவிடலாம். செய்திகள் ஸ்டோரில் சேராது, யார் கேட்டாலும் கேப் ஃபில் மட்டுமே போகும். வட்டு எழுத்தும் குறையும். சந்தை விலை அனுப்பும் செஷனுக்கு இது கச்சிதம். ஆர்டர் லைனிலும் வைக்கலாம், என்ன அனுப்பினோம் என்பதை வேறெங்காவது நீங்களே பதிவு செய்கிறீர்கள் என்றால்.

உள்ளே வரும் பக்கம்

வெளியே போவதில் கவனமாக இருப்பவர்கள்கூட உள்ளே வருவதில் கோட்டை விடுகிறார்கள். லைன் அறுந்திருந்த நேரத்தில் நிறைவேறிய ஆர்டர்களுக்கான எக்ஸிகியூஷன் ரிப்போர்ட் (35=8), ஒட்டியதும் 43=ஒய் குறியோடு வரும். அதைத் 'மறுபிரதி' என்று ஒதுக்கினால் வாங்கிய பங்கு கணக்கில் வராது. கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் ஏற்கெனவே சேர்த்தது இரட்டிப்பாகும். 43-ஐ வைத்து முடிவெடுக்கவே வேண்டாம். 17-ஆம் டேக்கில் வரும் எக்ஸிகியூஷன் அடையாளத்தை, செஷன் வாரியாக, நாள் வாரியாகப் பதிந்துவைத்து, ஏற்கெனவே பார்த்ததா என்று ஒப்பிட்டால் போதும்.

'ஃப்ரம்ஆப்' முடிந்து திரும்பிய பிறகுதான் எஞ்சின் எதிர்பார்க்கும் எண்ணை ஒன்று கூட்டும். நல்ல வடிவமைப்பு: நடுவில் உங்கள் நிரல் செத்துவிழுந்தால், எழுந்ததும் அதே செய்தி மறுபடி கேட்டுப் பெறப்படும். ஆனால் வேகத்துக்காக, வந்த செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பும் வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அப்படிச் செய்த கணமே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. எஞ்சின் எண்ணைக் கூட்டிவிட்டது; வரிசை இருந்தது நினைவகத்தில்; ப்ராசஸ் விழுந்தால் அந்த நிறைவேற்றம் யாருக்கும் தெரியாமல் மறைந்துபோகும். திரும்புவதற்கு முன் ஒரு ஜர்னல் ஃபைலில் எழுதிவிடுங்கள்.

மறுபக்கம், எல்லாவற்றையும் 'ஃப்ரம்ஆப்'புக்குள்ளேயே செய்துமுடிக்க நினைப்பதும் ஆபத்து. சாதாரண 'சாக்கெட்இனிஷியேட்டர்' எல்லாச் செஷனையும் ஒரே த்ரெட்டில் ஓட்டுகிறது. ஒரு செஷனில் வந்த செய்திக்காக நீங்கள் டேட்டாபேஸில் காத்திருந்தால், மற்ற செஷன்களின் ஹார்ட்பீட்டும் நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் சம்பந்தமே இல்லாத ப்ரோக்கர் லைனை வெட்டுவார். செஷனுக்கு ஒரு த்ரெட் கொடுக்கும் 'த்ரெடட்' வகைக்கு மாறினால் இந்தத் தொற்று நிற்கும். உங்கள் நிரலில் பூட்டுகளைச் சரிபார்க்கும் வேலை கூடும்.

ஜாவா பதிப்புக்கே உரிய ஒன்று: 'ஃப்ரம்ஆப்'பிலிருந்து எதிர்பாராத எக்ஸெப்ஷன் வெளியேறினால், டீஃபால்ட்டாக அந்தச் செய்தி தூக்கி எறியப்படும், எண்ணும் கூட்டப்படாது. அடுத்த செய்தி வந்ததும் இடைவெளி தெரிந்து, மறுபடி கேட்டு, அதே செய்தி வந்து, அதே இடத்தில் வெடித்து, சுற்றிச்சுற்றி வரும். லாக் ஃபைல் வீங்குவதைப் பார்த்து லைன் கோளாறு என்று ப்ரோக்கரைக் கூப்பிடுபவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒரு காலியான ஃபீல்டை நிரல் எதிர்பார்க்காததுதான். எக்ஸெப்ஷன்களை வெளியே விடாமல் பிடியுங்கள். 'ரிஜெக்ட்மெசேஜ்ஆன்அன்ஹேண்டில்ட்எக்ஸெப்ஷன்' என்ற நீண்ட பெயர்கொண்ட அமைப்பை ஒய் ஆக்கினால், மறுப்புச் செய்தி அனுப்பிவிட்டு எண் முன்னேறும். ஆனால் நிறைவேற்ற அறிக்கையை மறுத்து அனுப்பினால் அந்த வர்த்தகம் இல்லையென்று ஆகிவிடாது. அலாரம் அடித்து மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும்.

'ரீசெட்ஆன்லாகான்' என்னும் தூக்க மாத்திரை

வரிசை எண் ஒத்துப்போகவில்லை என்ற பிழையோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவர்கள் கண்டுபிடிக்கும் மருந்து இது. ஒய் என்று வைத்தால் ஒவ்வொரு லாகானிலும் 141=ஒய் போகும், இரு பக்கமும் 1-இலிருந்து ஆரம்பிக்கும், பிழை மாயமாகும். கூடவே, லைன் இல்லாத நேரத்தில் நிறைவேறியவற்றைக் கேட்டுப் பெறும் வழியும் மாயமாகும். கையில் எத்தனை பங்கு இருக்கிறது என்று உங்கள் நிரல் நினைப்பதற்கும் உண்மைக்கும் அங்கிருந்துதான் இடைவெளி விழுகிறது. நிறைவேற்றங்களின் நகல் வேறொரு 'டிராப் காப்பி' செஷனில் வருகிறது, அல்லது லாகான் ஆனதும் எல்லா ஆர்டரின் நிலையையும் கேட்கிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லாமல் வைப்பது சூதாட்டம்.

எண்ணைக் கையால் திருத்த வேண்டிய நாளும் வரும். சி++ பதிப்பில் '.செக்நம்ஸ்' ஃபைல் வெறும் டெக்ஸ்ட்: இடப்பக்கம் நீங்கள் அடுத்து அனுப்பப்போகும் எண், வலப்பக்கம் மறுமுனையிடம் எதிர்பார்க்கும் எண். ப்ராசஸை நிறுத்தாமல் திருத்தினால் பலனில்லை. நினைவகத்தில் உள்ளதை அதன் மேல் எழுதிவிடும். எதிர்பார்க்கும் எண்ணைக் கூட்டுவது என்பது, இடையில் உள்ள செய்திகள் வேண்டாம் என்று நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். என்னென்ன விடுகிறோம் என்று மறுமுனையின் ஆதரவுக் குழுவிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு செய்யுங்கள்.

செஷன் நேரம்

தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் டீஃபால்ட்டாக யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரம் என்று நினைத்து எழுதினால், வர்த்தகத்தின் நடுவே முடியும் நேரம் வந்து எஞ்சின் தானே லாகவுட் ஆகி, அடுத்த தொடக்கத்தில் எண்களை 1-க்குக் கொண்டுபோய்விடும். மறுமுனை இன்னும் பழைய செஷனில்தான் இருக்கிறது. எண் சின்னதாக வருகிறது என்று வெட்டுவார்கள். யூடிசி என்று தெரிந்து எழுதியவர்களையும் கோடை நேர மாற்றம் பிடிக்கும். நியூயார்க் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு மாறுகிறது, லண்டன் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் இரண்டுக்கும் லைன் வைத்திருப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஜாவா பதிப்பில் 'டைம்ஜோன்' அமைப்பு இருப்பதால் செஷனுக்குச் செஷன் நேர மண்டலம் கொடுத்துவிடலாம். சி++ பதிப்பில் சர்வரின் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தச் சொல்ல மட்டுமே முடிகிறது. ஒரே சர்வரில் இரண்டு சந்தை என்றால் அது உதவாது.

இன்னொன்று: 52-இல் வரும் 'அனுப்பிய நேரம்' உங்கள் கடிகாரத்திலிருந்து 120 வினாடிக்கு மேல் விலகியிருந்தால், காரண எண் 10 போட்டு நிராகரிப்பு, அடுத்து லாகவுட். கடிகார ஒத்திசைவு நின்றுபோன சர்வர் சந்தை திறக்கும் நேரத்தில் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

டிக்ஷனரி

எக்ஸ்எம்எல் ஃபைலாக வரும் டிக்ஷனரிக்கு இரண்டு வேலை: செய்தியைச் சரிபார்ப்பது, திரும்பத் திரும்ப வரும் குழுக்களைப் பிரித்துப் படிப்பது. முதல் வேலை தொல்லை தருகிறதென்று டிக்ஷனரியையே அணைப்பவர்கள் இரண்டாவதையும் சேர்த்து இழக்கிறார்கள்.

குழு எப்படி உடைகிறது என்று பாருங்கள். 453 என்பது தரப்பினர் எண்ணிக்கை. அதன் கீழ் 448, 447, 452 என்று ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று ஃபீல்ட். ப்ரோக்கர் 4.4 என்று சொல்லிவிட்டு, பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட 2376-ஐயும் நான்காவதாக உள்ளே வைத்து அனுப்புகிறார். 4.4-உடன் வரும் டிக்ஷனரிக்கு அந்த எண் தெரியாது. தெரியாத டேக்கைக் கண்டதும் குழு முடிந்துவிட்டது என்று எஞ்சின் முடிவு கட்டும். அடுத்த தரப்பின் 448, செய்தியின் உடலில் அநாதையாக நிற்கும். விளைவு நிராகரிப்பு, 373-இல் ஏதாவது ஒரு காரண எண்ணோடு: 13 என்றால் டேக் ஒன்றுக்கு மேல் வந்துள்ளது, 16 என்றால் எண்ணிக்கை தவறு, இப்படி. ஒரே தரப்பு வந்த சோதனை ஆர்டர்களில் இது தலைகாட்டாமல் போகலாம். அதுவே கண்டுபிடிப்பதைக் கடினமாக்குகிறது.

சரியான வழி ஒன்றுதான். மறுமுனையின் விவரக் குறிப்பை எடுத்துக்கொண்டு, டிக்ஷனரியின் நகலில் அவர்கள் சேர்த்த ஒவ்வொரு டேக்கையும் அதனதன் செய்தியிலும் குழுவிலும் கையால் எழுதுங்கள். சலிப்பூட்டும் வேலை. செஷனுக்கு ஒரு டிக்ஷனரி வைத்து, பெயரில் ப்ரோக்கரையும் தேதியையும் போட்டுச் சேமியுங்கள். 5000-க்கு மேற்பட்ட சொந்த டேக்குகளுக்கு மட்டும் சரிபார்ப்பைத் தளர்த்தத் தனி அமைப்பு இருக்கிறது. அவ்வளவு தளர்த்தினால் போதும்.

ஹார்ட்பீட்

எல்லாரும் 30 என்று வைக்கிறார்கள், உதாரணத்தில் அப்படி இருப்பதால். கேபிளைப் பிடுங்கியது போலச் சத்தமில்லாமல் லைன் இறந்தால் டிசிபி உடனே சொல்லாது. எஞ்சின்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடைவெளியின் 2.4 மடங்கு நேரம் எதுவுமே வராவிட்டால் அது லைனைக் கைவிடும். 30 என்றால் 72 வினாடி. அத்தனை நேரமும் உங்கள் வியூகம், லைன் உயிரோடிருக்கிறது என்று நம்பி ஆர்டர் அனுப்பிக்கொண்டிருக்கும். 5 என்று வைத்தால் 12 வினாடி. மறுமுனை அனுமதிக்கும் மிகச் சிறிய அளவைக் கேட்டு வையுங்கள். லைன் அறுந்தால் நிலுவை ஆர்டர்களை ரத்து செய்யும் வசதி அவர்களிடம் உண்டா, எத்தனை வினாடியில் வேலை செய்யும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

வேகம்

ஒவ்வொரு செய்தியும் உரைச்சரமாக வந்து, ஃபீல்டுகளாக உடைந்து, அதற்கு நினைவகம் ஒதுக்கி, டிக்ஷனரியோடு ஒப்பிட்டு, வெளியே போகும்போது ஃபைலில் எழுதிய பிறகே சாக்கெட்டுக்குப் போகிறது. நானோ வினாடிக்குப் போட்டி போடும் இடத்தில் இதற்கு வேலையில்லை. அங்கே பலர் ஃபிக்ஸையே விட்டுவிட்டார்கள்: நாஸ்டாக்கில் அவுச், சிஎம்இ-யில் ஐலிங்க் 3, எல்லாம் பைனரி. ஃபிக்ஸே வேண்டும், ஜாவாவில் வேகமும் வேண்டும் என்பவர்கள் ஆர்ட்டியோ என்ற எஞ்சினைப் பார்க்கலாம். அதை ஓட்ட, அதற்கு அடியில் இருக்கும் ஏரான் என்ற செய்திப் பரிமாற்ற நூலகத்தைப் பற்றியும் படிக்க வேண்டியிருக்கும். மனிதர் கிளிக் செய்யும் ஆர்டர், நாள் முழுக்கப் பிரித்துப் போடும் பெரிய ஆர்டர், டிராப் காப்பி, வர்த்தகத்துக்குப் பிந்தைய ஒதுக்கீடு: இவற்றுக்குக் குவிக்ஃபிக்ஸின் வேகம் தாராளம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சி++ பதிப்பில் 'சாக்கெட்நோடிலே' டீஃபால்ட்டாக 'என்'. சிறு சிறு செய்திகளைச் சேர்த்து அனுப்பும் டிசிபியின் பழக்கமும், எதிர்ப்பக்கம் ஒப்புகையைத் தாமதிக்கும் பழக்கமும் கைகோத்தால், லினக்ஸில் ஆர்டர் 40 மில்லி வினாடி சும்மா நிற்கும். ஒய் என்று மாற்றுங்கள். எஞ்சின் மெதுவென்று வரும் புகார்களைப் பார்க்கும்போது முதலில் திறக்க வேண்டியது இந்த வரியைத்தான்.

விலை விஷயத்தில் எல்லாப் பதிப்பும் ஒரே மாதிரி இல்லை. டாட்நெட்டில் டெசிமல், சி++-இல் டபுள், ஜாவாவிலும் டபுள், பிக்டெசிமல் வேண்டுமென்றால் நீங்களே அந்த விருப்பத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். டபுளில் கணக்குப் போட்டு 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் சரியாக 0.3 வராது; அந்த வால் 44-இல் (விலை) ஒட்டிக்கொண்டு போனால், சந்தை அனுமதிக்கும் விலை இடைவெளிக்குப் பொருந்தாமல் ஆர்டர் நிராகரிக்கப்படலாம். உள்ளே முழு எண்களாக வைத்துக் கணக்கிட்டு, அனுப்பும்போது உரைச்சரமாக நீங்களே மாற்றிக் கொடுப்பது பாதுகாப்பு.

நேரலைக்கு முன்

எஞ்சினிலேயே அக்செப்டர் இருப்பதால் போலி ப்ரோக்கர் ஒன்றை ஒரே நாளில் எழுதிவிடலாம். பைத்தான் பதிப்பு இதற்குத்தான் மிகவும் உதவும். மறுமுனையின் சான்றளிப்புச் சோதனை ஆர்டர், திருத்தம், ரத்து ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ஆர்டர் போய்க்கொண்டிருக்கும்போது ப்ராசஸைக் கொல்லுங்கள். ஃபயர்வாலில் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழவிட்டு, எத்தனை வினாடியில் அலாரம் வருகிறதென்று பாருங்கள். லைன் இல்லாதபோது ஓர் ஆர்டர் அனுப்பச் சொல்லி, ஒட்டிய பிறகு அது போலி ப்ரோக்கரிடம் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் மேலே சொன்ன காவல் இல்லை என்று அர்த்தம். ஒரே நிறைவேற்ற அறிக்கையை இரண்டு முறை அனுப்பி, பங்கு எண்ணிக்கை மாறுகிறதா என்று பாருங்கள். போலி ப்ரோக்கரின் எண்ணை 1-க்குக் குறைத்து லாகான் செய்து, உங்கள் பக்கம் என்ன சொல்கிறதென்று பாருங்கள்.

மாற்றுச் சர்வரையும் இதே பட்டியலில் சேருங்கள். ஃபைல் ஸ்டோர் முதல் சர்வரின் வட்டில் இருக்கும்வரை, இரண்டாவது சர்வர் எழுந்து 34=1 என்று லாகான் செய்து வெட்டுப்படும். ஸ்டோரைப் பகிர்ந்த வட்டிலோ டேட்டாபேஸிலோ வைத்து, 'ரீஃப்ரெஷ்ஆன்லாகான்' அமைப்பை ஒய் ஆக்கினால் இரண்டாவது சர்வர் லாகானுக்கு முன் எண்களைப் புதிதாகப் படித்துக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்துவிடாமல் பூட்டுப் போடும் வசதி எஞ்சினில் கிடையாது. அது உங்கள் பொறுப்பு.